பார்சலோனா மீன்

கட்டடக்கலை அலுவலகத்தில் வேலை பார்க்கும் என் பழைய மாணவன் ஒருவன் நேற்று போனில் பேசினான். அவர்களிடம் ‘பிம்’ வந்துவிட்டதாம். தாளில் கோடு போடாமல் தூண், உத்தரம், சுவர் எல்லாவற்றையும் அளவோடு கணினிக்குள்ளேயே கட்டிப் பார்க்கும் முறை அது. “இனி கைக்கு வேலையில்லை சார்” என்று வருந்தினான்.

அவனுக்குச் சொன்ன கதை இது. 1992 ஒலிம்பிக்கை ஒட்டி பார்சலோனா கடற்கரையில் பிரம்மாண்டமான மீன் சிற்பம் ஒன்றை பிராங்க் கெரி வடிவமைத்தார். உடம்பெல்லாம் வளைவு, தட்டையான வரைபடத்தில் அதைக் கட்டுபவருக்கு விளக்குவது பெரும்பாடு. நாளும் நெருங்கியது. அவர் அலுவலகத்தின் ஜிம் கிளிம்ஃப், பிரான்சில் விமானம் வடிவமைக்க உருவான ‘காட்டியா’ மென்பொருளைப் பிடித்தார். ஒப்பந்தக்காரர்கள் கணினி மாதிரியிலிருந்தே அளவெடுத்தார்கள். பிம்முக்கு அது ஒரு முன்னோடி. 1997இல் திறந்த பில்பாவோ குகன்ஹைம் அருங்காட்சியகமும் அதே வழியில் எழுந்ததுதான்.

வேடிக்கை என்னவென்றால், கெரிக்குக் கணினி இயக்கத் தெரியாது! அட்டையையும் மரத்தையும் வெட்டி ஒட்டித்தான் மாதிரி செய்வார்கள். அதன்மேல் புள்ளி புள்ளியாகத் தொட்டு அளவெடுத்துக் கணினியில் ஏற்றினார்கள்.

தம்பி, உங்கள் அலுவலகத்தில் மாதிரி செய்யும் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டார்களா? அதை மட்டும் பார்த்துச் சொல்.