சோழவரத்து எஞ்சின்களும் வால்வுத் தேய்மானமும்

இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுபாதையான சோழவரம், 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் பந்தயக் களமாகி, 1990-இல் இருங்காட்டுக்கோட்டைத் தடம் வந்த பின்னரே ஒதுங்கியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் நிலவிய அக்காலத்தில் பந்தயக் கார் என்பது பெரும்பாலும் பழைய கார்தான். அதன் ஆயுளைப் பெரிதும் தீர்மானித்தது வால்வு, அதாவது எஞ்சினுக்குள் எரிபொருள் கலந்த காற்றை விட்டு, எரிந்த புகையை வெளியேற்றும் அடைப்பான். கடுஞ்சூடேறிய புகை வால்வு, தான் வந்து பொருந்தும் 'சீட்' எனப்படும் விளிம்பில் இடையறாது அறைவதால், வார்ப்பிரும்பு தேய்ந்து வால்வு உள்வாங்குகிறது. வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் இடையிலுள்ள டேப்பட் இடைவெளி குறுகி, வால்வு முழுமையாக மூடாமல் அழுத்தம் கசிகிறது. அத்தகைய எஞ்சினில் குளிர்ந்த பெட்ரோல் சரிவர ஆவியாகாததால், கலவையில் பெட்ரோலின் விகிதத்தைக் கூட்டும் சோக்கை எவ்வளவு இழுத்தாலும் காலையில் அது எளிதில் பற்றுவதில்லை. சூடேறிய பின்போ குறையே இல்லாததுபோல் ஓடும் (பழைய கார் வாங்குவோர் ஏமாறும் இடம் இதுவே).

1921-இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டபடி, எஞ்சின் தட்டலை, அதாவது கலவை ஒழுங்கற்று வெடிப்பதால் எழும் ஓசையை, அடக்கவே ஈயச் சேர்மம் பெட்ரோலில் கலக்கப்பட்டதெனினும், அது சீட்டின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து அந்தத் தேய்மானத்தையும் பெருமளவு குறைத்து வந்தது. 1995-இல் நான்கு பெருநகரங்களிலும் 2000-இல் நாடெங்கும் ஈயமற்ற பெட்ரோல் வந்தபோது மக்களின் உடல்நலம் பிழைத்தது, பழைய வார்ப்பிரும்பு எஞ்சின்கள் காப்பிழந்தன. தேய்ந்த சீட்டைக் கடைந்தெடுத்து, கடினமான உலோக வளையத்தைப் பதிப்பதே அவற்றுக்கு உறுதியான மாற்று வழியாயிற்று.