நடுகல்லும் சந்துப் பலகையும்: மட்டாஞ்சேரி முதல் வல்லார்பாடம் வரை

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் சாலையில் பண்டகசாலைகளுக்கு இடையே காயலை நோக்கி இறங்கும் சந்துகள் பல. மிளகும் இஞ்சியும் அரிசியும் தலைச்சுமையாக ஏறி இறங்கிய வழிகள் இவை. இத்தகைய சந்துகளின் வரலாற்றைப் பலகையில் எழுதி வைப்பதென்றால் எந்த மரபைப் பின்பற்றுவது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. வழக்கமாக எடுத்துக்காட்டப்படும் லண்டன் மரபு இங்கே பொருந்தாது என்பதும், நம்மிடமே உள்ள நடுகல் மரபு பொருந்தும் என்பதும் என் வாதம்.

லண்டனின் நீலப் பலகைத் திட்டம் 1866இல் தொடங்கியது. புகழ்பெற்றவர் ஒருவர் வாழ்ந்த வீட்டின் சுவரில் அவர் பெயரைப் பொறிப்பது அதன் முறை. முதற்பலகை 1867இல் கவிஞர் பைரன் பிறந்த வீட்டில் பதிக்கப்பட்டது. 1889இல் அந்த வீடு இடிக்கப்பட, பலகையும் போயிற்று. அந்த முறைக்கு ஒரு வீடும் ஒரு பெரிய பெயரும் தேவை. சுமை தூக்கியவர்களின் சந்தில் இரண்டும் கிடையா. இந்தியத் தொல்லியல் துறையின் நீல அறிவிப்போ இன்னும் வறண்டது. மட்டாஞ்சேரி அரண்மனை போன்ற காக்கப்படும் சின்னங்களில் நாம் முதலில் வாசிப்பது வரலாற்றை அல்ல, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தையும் அதை மீறினால் கிடைக்கும் தண்டனையையும்தான்!

நடுகல்லின் இலக்கணம் வேறு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் வெளிப்பட்ட தமிழி எழுத்துக் கல் மிகச் சிறியது. ஊர், ஆநிரை கவரும் ஆகோள் பூசல், இறந்தவன் பெயர் என மூன்றே செய்திகள் அதில் உள்ளன. பிற்காலச் செங்கம் நடுகற்களில் அரசனின் ஆட்சியாண்டு முதலில் வந்தாலும், கல் அரசனுக்காக நிற்கவில்லை. மாடு மீட்கப் போய் மாண்ட ஊர்க்காரனுக்காக நிற்கிறது. தொல்காப்பியம் கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரை ஆறு நிலைகளை அடுக்குகிறது. கல் நட்டதோடு வேலை முடிவதில்லை. படையலும் வாழ்த்தும் தொடர வேண்டும். யார், எங்கே, எதனால் என்ற மூன்றுக்கும் விடை சொல்லி, ஊரார் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடமாவதே அதன் இயல்பு.

இந்த அளவுகோலை மட்டாஞ்சேரியில் வைத்துப் பார்ப்போம். கொச்சித் துறைமுகத்தில் அன்று வேலை கேட்டு நிற்கும் கூட்டத்தின் நடுவே, ஆள் எடுக்கும் மூப்பன் 'சாப்பா' எனும் உலோக வில்லைகளை வீசுவான். முண்டியடித்துப் பொறுக்கியவனுக்கு அன்று கூலி, கிடைக்காதவனுக்குப் பட்டினி. அந்தச் சாப்பா முறைக்கு எதிரான போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. சைது, சைதலவி, ஆன்டனி ஆகிய மூவரை அந்தப் போராட்டம் பலிகொண்டது. கே. எம். சிதம்பரனின் 'துறைமுகம்' நாடகமும், அதைத் தழுவி ராஜீவ் ரவி இயக்கி 2023இல் வெளிவந்த படமும் இந்நிகழ்வை மலையாளிகளின் நினைவில் வைத்துள்ளன. நடுகல்லுக்கு வேண்டிய மூன்று செய்திகளும் இங்கே முழுமையாக இருக்கின்றன. மேடையும் திரையும் ஊர் ஊராகப் போகக்கூடியவை. போகாமல் அந்தத் தெருவிலேயே நிற்பது கல் ஒன்றுதான்.

கல் இடம் மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் மட்டாஞ்சேரியிலேயே சான்று உண்டு. கொச்சங்காடி யூத ஆலயத்தின் 1344ஆம் ஆண்டு எபிரேயக் கல், அவ்வாலயம் அழிந்தபின் பரதேசி யூத ஆலயத்தின் சுவரில் பதிக்கப்பட்டது. கல் காப்பாற்றப்பட்டது, நல்லதுதான். ஆனால் 1568இல் எழுந்த கட்டடத்தைப் பார்க்க வருபவர் கண்ணில் அது இன்னொரு அரும்பொருளாகவே படும். கொச்சங்காடிக்கு நடந்து போகத் தூண்டாது. அருங்காட்சியகத் தாழ்வாரங்களில் சாய்த்து வைக்கப்பட்ட நம் நடுகற்களின் கதியும் இதுவே.

மொழியையும் பார்க்க வேண்டும். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' எனப்படும் பகுதியின் சலவைத் துறையில் உழைக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்கள், தம் முன்னோர் டச்சுக்காரர் காலத்தில் வந்தவர்கள் என்று சொல்வார்கள். அங்கே ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் மட்டும் பலகை வைத்தால் அது அவர்களைக் காட்சிப்பொருளாக்கும். அவர்கள் வீட்டுப் பிள்ளை தமிழில் வாசிக்க முடிந்தால்தான் அது அவர்களுடைய கல்.

துறைமுகம் மட்டாஞ்சேரிக் கரையிலிருந்து, பொறியாளர் பிரிஸ்டோ உருவாக்கிய வில்லிங்டன் தீவுக்கும், 2011 பிப்ரவரியில் வல்லார்பாடம் கொள்கலன் முனையத்துக்கும் நகர்ந்தது. ஆகவே சந்தின் கதை மட்டாஞ்சேரியோடு நிற்பதில்லை. முனையத்துக்கான சாலைக்கும் ரயில் பாதைக்கும் மூலம்பிள்ளி உள்ளிட்ட ஊர்களில் 316 குடும்பங்களின் நிலம் எடுக்கப்பட்டது. 2008 பிப்ரவரி 6 அன்று மூலம்பிள்ளியில் வீடுகள் இடித்துத் தள்ளப்பட்டன. அடுத்த மாதம் அரசு அறிவித்த மறுவாழ்வுத் திட்டம் மாற்று மனையும் குடும்பத்தில் ஒருவருக்கு வேலையும் தருவதாகச் சொன்னது. அது முழுமையாக நிறைவேறவில்லை என்று போராடியவர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். இங்கே பலகையை மாட்டச் சுவரே இல்லை. நீலப் பலகை மரபு கைவிரிக்கும் இடம் இது. நடுகல்லுக்குச் சுவர் வேண்டாம், மண் போதும்.

வல்லார்பாடம் மாதா கோயில் இதற்கு மறைமுகமாக ஒரு வழி காட்டுகிறது. போர்த்துகீசியர் 1524இல் எழுப்பிய கோயில் 1676 வெள்ளத்தில் அழிந்தது. மீண்டும் கட்டக் கொச்சி அரசின் திவான் பாலியத்து இராமன் வலியச்சன் நிலம் கொடுத்தார். 1752இல் புயலில் படகு கவிழ்ந்து மாதாவால் மீட்கப்பட்டதாக நம்பப்படும் மீனாட்சியம்மாவின் கதையும் இன்றுவரை சொல்லப்படுகிறது. இவை நிலைத்திருப்பதற்குக் கல்வெட்டு காரணமல்ல. ஆண்டுதோறும் செப்டம்பரில் கூடும் திருவிழாக் கூட்டமே காரணம். தொல்காப்பியம் சொன்ன வாழ்த்து நிலை இதுதான்.

தன் துப்பாக்கியையும் தன் இடிப்பு இயந்திரத்தையும் எழுவாயாக்கி எந்த அரசுத் துறை பலகை எழுதும் என்று கேட்கலாம். எழுதாது. சுற்றுலாத் துறையிடம் விட்டால் மிளகின் மணம் பற்றிய நான்கு வரிகள்தான் வரும். ஆகவே மட்டாஞ்சேரியில் தொழிற்சங்கங்களும் மூலம்பிள்ளியில் இடம்பெயர்ந்தவர்களின் குழுவும் வாசகத்தைத் தாமே எழுத வேண்டும். மாநகராட்சியிடமும் ஊராட்சியிடமும் கேட்க வேண்டியது கல்லை நட ஒரு முழ இடமும், சாலையை அகலப்படுத்தும்போது அதைப் பெயர்க்கமாட்டோம் என்ற எழுத்துப்பூர்வமான உறுதியும் மட்டுமே.