பின்கட்டில் ஓர் ஆங்கில வகுப்பு: ஆன் ஃபிராங்கும் சொல்வளக் கல்வியும்

1940 ஏப்ரல் இறுதியில் ஆம்ஸ்டர்டாமிலிருந்து அமெரிக்காவின் அயோவா மாநிலத்திலுள்ள டான்வில் என்ற சிற்றூருக்கு ஒரு கடிதம் போனது. எழுதியவள் பத்து வயது ஆன் ஃபிராங்க். அவ்வூர்ப் பள்ளி ஆசிரியை ஒருவர் ஏற்படுத்திக் கொடுத்த பேனா நண்பர் தொடர்பு அது. கடிதம் ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆனுக்கோ அப்போது ஆங்கிலம் தெரியாது. தந்தை ஓட்டோ வாக்கியங்களை அமைத்துத் தர, மகள் பார்த்து எழுதியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. மே 10 அன்று ஜெர்மன் படை நெதர்லாந்துக்குள் நுழைந்தது. கடிதப் போக்குவரத்தும் அத்தோடு முடிந்தது.

அந்தச் சிறுமிதான் இன்று ஆங்கில வகுப்புகளின் நிரந்தரப் பாடம். இந்தியாவில் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்பு ஆங்கில நூலில் அவளுடைய நாட்குறிப்பின் ஒரு பகுதி இருக்கிறது. அவள் வாழ்க்கையைச் சுருக்கி, அருஞ்சொற்களைத் தடித்த எழுத்தில் போட்டு, கீழே கோடிட்ட இடங்களை வைக்கும் பயிற்சித்தாள்களோ உலகெங்கும் புழங்குகின்றன. உருக்கமான கதை என்றால் சொல் மனதில் ஒட்டும் என்பது இவற்றின் கணக்கு. அந்தக் கணக்கு அரைகுறையானது. ஆனின் வாழ்க்கை சொல் கற்கச் சிறந்த களம்தான். அதற்குக் காரணம் அவளுடைய முடிவில் இல்லை, அவள் அடைபட்டிருந்த இடத்தில் இருக்கிறது.

நியூசிலாந்து மொழியியலாளர் பால் நேஷனின் ஆய்வுகள் இதை விளக்க உதவும். ஒரு பனுவலைத் துணையின்றிப் படிக்க அதிலுள்ள சொற்களில் சுமார் 98 சதவீதம் முன்பே தெரிந்திருக்க வேண்டும். அதாவது ஐம்பது சொல்லுக்கு ஒன்றுதான் புதிதாக இருக்கலாம். ஆங்கிலத்தில் எளிமைப்படுத்தாத நூல்களை அந்த அளவுக்குப் படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதன் திரிபுகளும் சேர்ந்தது ஒரு குடும்பம்) வேண்டும் என்று அவர் 2006-இல் கணக்கிட்டார். அதோடு, ஒரு சொல்லை ஒருமுறை பார்த்தால் போதாது. வெவ்வேறு வாக்கியங்களில் பலமுறை எதிர்ப்பட வேண்டும். நாவலிலோ செய்தித்தாளிலோ அருஞ்சொல் ஒன்று தலைகாட்டிவிட்டு நூறு பக்கம் காணாமல் போகும்.

ஆனின் நாட்குறிப்பில் அது நடக்காது. 1942 ஜூலை 6 முதல் 1944 ஆகஸ்ட் 4 வரை, ஆனின் குடும்பமும் பின்னால் வந்து சேர்ந்தவர்களுமாக, யூதர்கள் எட்டுப் பேர் நாஜிகளுக்குப் பயந்து பிரின்சென்கிராக்ட் கால்வாய்க் கரையில் 263ஆம் எண் கட்டடத்தின் பின்கட்டில் ஒளிந்து வாழ்ந்தார்கள். 1947-இல் வெளிவந்த டச்சு நூலின் தலைப்புக்கும் பின்கட்டு என்றுதான் பொருள். வாயிலை மறைத்த புத்தக அலமாரி, செங்குத்தான மாடிப்படி, பரண், திரை, உருளைக்கிழங்கு, ரேஷன் கூப்பன், வானொலி: வாரக்கணக்காக இவைதான் திரும்பத் திரும்ப வருகின்றன. கீழே கிடங்கில் வேலை செய்தவர்களுக்கு மேலே ஆள் இருப்பது தெரியாது. ஆகவே பகலில் குரல் எழக் கூடாது, செருப்பு ஒலிக்கக் கூடாது, கழிவறைத் தண்ணீர் திறக்கக் கூடாது. கிசுகிசுப்பதற்கும் நுனிக்காலில் நடப்பதற்கும் ஆங்கிலத்திலுள்ள சொற்கள் இங்கே பட்டியலாக வரவில்லை. பிடிபட்டால் சாவு என்ற நிலைமையிலிருந்து வருகின்றன. 1942 நவம்பரில், உடன் ஒளிந்திருந்த பீட்டர் பீன்ஸ் மூட்டைகளைப் பரணுக்கு ஏற்றும்போது ஒன்றின் தையல் பிரிந்து, படிக்கட்டு முழுவதும் விதைகள் கொட்டுகின்றன. படியடியில் ஆன் நிற்கிறாள். மூட்டை, தையல், பிரிதல், கொட்டுதல், உருளுதல் ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களைக் கற்க இதைவிட நல்ல பத்தி பாடநூல் எழுதுவோருக்கு எளிதில் வாய்க்காது.

இதில் சில சொற்கள் தமிழ் மாணவருக்குப் புதியவையே அல்ல. ரேஷன், கூப்பன், பிளாக் அவுட் எல்லாம் அதே போர்க் காலத்தில் சென்னை மாகாணத்திலும் அன்றாடப் பேச்சில் புழங்கியவை. ஐம்பதுக்கு ஒன்று என்ற அளவை எட்ட இதுவும் ஒரு கை கொடுக்கும்.

பள்ளிக் காலத்து நிகழ்ச்சி ஒன்று இன்னும் நுட்பமான சான்று. மேலே சொன்ன என்.சி.இ.ஆர்.டி. நூலிலும் அது உண்டு. வகுப்பில் ஓயாமல் பேசும் ஆனுக்குக் கணக்கு ஆசிரியர் ‘வாயாடி’ என்ற தலைப்பில் கட்டுரை எழுதும் தண்டனை தருகிறார். இது அம்மாவிடமிருந்து வந்த குணம், என்ன செய்ய முடியும் என்று அவள் வாதாடி எழுதிக் கொடுக்கிறாள். பேச்சு நிற்கவில்லை. அடுத்த தலைப்பு ‘திருந்தாத வாயாடி’. மூன்றாவதில் வாத்தின் குரலே தலைப்புக்குள் வந்துவிடுகிறது. தோழியின் உதவியோடு அவள் அதை முழுக்கப் பாட்டாகவே எழுதுகிறாள்: ஓயாமல் கத்திய குஞ்சுகளைத் தந்தை அன்னம் கடித்தே கொன்ற கதை. ஆசிரியர் அதை நல்ல மனதோடு ஏற்று வகுப்பில் படித்துக் காட்டுகிறார். அதன்பின் அவளைப் பேசவும் விடுகிறார். வாயாடியைக் குறிக்கும் ‘சேட்டர்பாக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல் முதலில் தனியாக வருகிறது, பிறகு அடையோடு வருகிறது, கடைசியில் கேலியாகிறது. அகராதியைத் தொடாமலே பொருள் பிடிபட்டுவிடும்.

அந்த அடைமொழி என்ன என்பதுதான் சிக்கல். 1952-இல் வந்த பார்பரா மூயார்ட்-டபுள்டேயின் மொழிபெயர்ப்பில் அது ‘இன்க்யூரபிள்’. 1995-இல் வந்த சூசன் மஸோட்டியின் மொழிபெயர்ப்பில் ‘இன்காரிஜிபிள்’. முன்னது தீராத நோயை நினைவூட்டும். பின்னது திருத்த முடியாத நடத்தையைச் சுட்டும். ஆன் எழுதியது டச்சு மொழியில். ஆங்கிலத்தில் நாம் படிப்பது அவளுடைய சொற்களை அல்ல, இரண்டு பெண்கள் நாற்பதாண்டு இடைவெளியில் எடுத்த முடிவுகளை. இதைக் குறையென்று ஒதுக்குவோர் உண்டு. அப்படி ஒதுக்க வேண்டியதில்லை. ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு நல்ல ஆங்கில வடிவங்கள் இருந்தால், பொருள் நெருங்கிய சொற்களின் வேறுபாட்டைக் காட்ட வேறு கருவி தேட வேண்டாம். எந்த மொழிபெயர்ப்பு என்று வகுப்பில் சொல்லாமல் விடுவதுதான் தவறு.

பின்கட்டிலேயே ஆங்கில வகுப்பு நடந்தது என்பது பலர் கவனிக்காத செய்தி. ஓட்டோ அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு டிக்கன்ஸ் படித்தார். தாய் ஈடித் அஞ்சல் வழியில் ஆங்கிலம் கற்றார். அக்கா மார்கோவும் பீட்டரும் படித்தார்கள். உடனிருந்த பல் மருத்துவர் பிஃபெஃபரும் முயன்றார். பலன் ஒன்றும் கண்ணில் படவில்லை என்று ஆன் 1944 மே மாதத்தில் குறும்பாக எழுதிவைத்தாள். அவளுக்கென்று ஒரு தனிப் பழக்கம் இருந்தது. 1943 கோடையில், தந்தை சொன்ன யோசனைப்படி, படித்த நூல்களில் பிடித்த வாக்கியங்களை ஒரு நோட்டில் எழுதிவைக்கத் தொடங்கினாள். சொற்பட்டியலை அல்ல, முழு வாக்கியங்களை. ஒரு சொல் எந்தச் சொல்லோடு சேரும், எங்கே நிற்கும் என்பதெல்லாம் அப்படி எழுதும்போது கூடவே வந்துவிடும். அருஞ்சொல்லுக்கு எதிரே ஒற்றைச் சொல்லில் பொருள் எழுதும் நம் வகுப்பறை வழக்கத்தில் அது கிட்டாது.

பயிற்சித்தாள்கள் வழுக்கும் இடம் வேறு. பிறந்தாள், குடிபெயர்ந்தாள், ஒளிந்தாள், கைதானாள், இறந்தாள் என்ற ஐந்தாறு வினைகளில் வாழ்க்கை முடிந்துவிடுகிறது. பேசி ஓயாத, சண்டை போட்ட, சினிமா நட்சத்திரப் படங்களைச் சுவரில் ஒட்டிய பெண் அதில் இல்லை. துல்லியமாவது இருக்கிறதா? அவள் நச்சுவாயு அறையில் இறந்ததாக எழுதுவோர் இன்னும் இருக்கிறார்கள். கைதுக்குப் பின் அவள் வைக்கப்பட்ட வெஸ்டர்போர்க், ரயில்கள் புறப்பட்ட இடைத்தங்கல் முகாம். அங்கிருந்து 1944 செப்டம்பர் 3 அன்று அவளை ஏற்றிச் சென்ற ரயில் போன ஆஷ்விட்ஸ், கொலைக்கென்றே அமைத்த கூடங்கள் இருந்த இடம். 1945 தொடக்கத்தில் அவளும் மார்கோவும் இறந்த பெர்கன்-பெல்சனில் நச்சுவாயு அறைகள் இல்லை. பசியும் நோயும் கொன்றன. தமிழில் மூன்றையும் ‘வதைமுகாம்’ என்றே எழுதிவிடுகிறோம். ஆங்கிலம் மூன்றுக்கும் வேறுவேறு பெயர் வைத்திருக்கிறது. அவளைக் கொன்றதாகக் கருதப்படும் டைஃபஸ், பேன் பரப்பும் நோய்; நமக்குப் பழக்கமான டைஃபாய்டு வேறு. இந்தச் சொற்களை வரலாற்றோடு சேர்த்துத்தான் கற்பிக்க வேண்டும். கோடிட்ட இடத்தில் ‘கேஸ் சேம்பர்’ என்று நிரப்பினால் ஒரு மதிப்பெண் என்பது கற்பித்தலும் அல்ல, மரியாதையும் அல்ல.

பயிற்சிக்கு வேறு வழி அவளே காட்டியிருக்கிறாள். 1944 மார்ச் 28 அன்று லண்டனிலிருந்து டச்சு அமைச்சர் போல்கஸ்டைன், போர்க் கால நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் காத்துவைக்க வேண்டும் என்று வானொலியில் பேசினார். மே மாதத்தில் ஆன் தன் நாட்குறிப்பை முதலிலிருந்து திருத்தி எழுதத் தொடங்கினாள். சிலவற்றை வெட்டினாள், சிலவற்றைச் சேர்த்தாள். இரு வடிவங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கும்படி அச்சிட்ட ஆய்வுப் பதிப்பு 1986-இல் டச்சிலும் 1989-இல் ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. ஒரே நாளின் இரண்டு வடிவங்களை மாணவர் கையில் கொடுத்து, எது ஏன் மாறியது என்று கேட்கலாம்.

பாடநூல் தயாரிப்போரிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. எடுத்தாளும் பகுதிக்குக் கீழே மொழிபெயர்ப்பாளரின் பெயரையும் பதிப்பாண்டையும் அச்சிடுங்கள். கோடிட்ட இடங்களைக் குறைத்து, பிடித்த வாக்கியங்களை எழுதிவைக்க இரண்டு வெற்றுப் பக்கங்கள் விடுங்கள்.