நாய்ப் பயிற்சி, வெகுமதி வழி

அடியும் அதட்டலுமின்றி, விரும்பத்தக்க நடத்தைக்கு உடனுக்குடன் சன்மானம் அளித்து நாய்க்கு ஒழுங்கு கற்பிக்கும் முறை. இனிய விளைவைத் தரும் செயல் மீண்டும் நிகழும் என்று உளவியலாளர் தோர்ண்டைக் பூனைகளைக் கொண்டு 1898இல் விளக்கிய தத்துவமும், அதனை விரித்து உளவியலாளர் ஸ்கின்னர் 1938இல் வெளியிட்ட நூலும் இதற்குச் சாஸ்திர ஆதாரமாகும்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய இலங்கைக் கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்களில், நாயின் உமிழ்நீர் பட்ட இடத்தை, ஒருமுறை மண் கலந்த நீர் உட்பட, ஏழுமுறை கழுவவேண்டும் என்னும் ஷாபிஈ மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப்பிரிவின்) விதி பேணப்படுவதால், வீட்டினுள் நாய் வளர்ப்போர் அரியர்; எனினும் வேட்டை, மந்தை, வயற்காவல் ஆகியவற்றின் பொருட்டு நாய் வைத்திருக்க மார்க்கத்தில் அனுமதி உண்டு. பயிற்றப்பட்ட வேட்டைப்பிராணி பிடித்துத் தருவதை உண்ணலாம் எனத் திருக்குர்ஆன் (5:4) கூறுவது பயிற்சிக்கு அளிக்கப்பட்ட பெருமதிப்பைக் காட்டுகிறது.

உமிழ்நீர் படாது நாயைப் பழக்கவேண்டிய இச்சூழலுக்கு வெகுமதி வழியே மிகப் பொருத்தமானது. அவித்த மீன்துண்டைக் கையால் ஊட்டாமல் நிலத்தில் இடலாம். மேலே பாய்ந்து நக்க வரும் நாயைத் தொடாமலும் பேசாமலும் திரும்பி நின்று, நான்கு கால்களும் தரையில் ஊன்றிய அக்கணமே துண்டை இட்டால், உடையைத் தீண்டாது விலகி நிற்கும் பழக்கம் நாளடைவில் படியும். சன்மானம் சில விநாடி தாமதித்தாலும் நாய் வேறொரு செயலுக்கே அதனைக் கூலியாகக் கொள்ளும். “இரு”, “வா” என்னும் கட்டளைகளையும் இவ்வாறே பயிற்றலாம். அடிபட்ட நாய் அஞ்சிக் கடிக்கக்கூடும். ஆதலால் காவல்நாய் வைத்திருப்போர் பிரம்பை அறவே விலக்குக.