கரண்டியும் உருக்குக் கருவியும்: தசைநோவுக்கான உராய்வுச் சிகிச்சை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

மருத்துவக் கருவிகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை ஆக்கியோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஒரு கருவி எவர் கையில் வைத்தியமாகவும் எவர் கையில் குற்றமாகவும் கொள்ளப்பட்டது என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. தசைநோவைத் தணிக்கும் உராய்வுச் சிகிச்சை இவ்வினாவை ஆராய்தற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாகும்.

சீனத்தில் 'குவா சா' எனவும், வியட்நாமில் 'காற்றை வழித்தல்' எனப் பொருள்படும் 'காவ் யோ' எனவும் வழங்கும் முறையில், தோலில் எண்ணெய் பூசி, பீங்கான் கரண்டி, நாணயம், எருமைக் கொம்பு போன்றவற்றின் மழுங்கிய விளிம்பால் ஒரே திசையில் அழுத்தி உரசுவர். தோன்றும் செம்புள்ளிகள் சில நாள்களில் மறைந்துவிடும். வீட்டுப் பொருளே கருவி, வீட்டாரே வைத்தியர்.

1975இல் போர் முடிவுற்றபோது பெருந்தொகையான வியட்நாமியர் ஐக்கிய அமெரிக்காவிற் குடியேறினர். அவர்தம் பிள்ளைகளின் முதுகிற் காணப்பட்ட செங்கோடுகள் பெற்றோர் அடித்த அடையாளங்களென ஐயுறப்பட்டன. இத்தவறான கணிப்பை விளக்கும் கட்டுரையொன்று 1976இல் 'பீடியாற்றிக்ஸ்' என்னும் சிறுவர் மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. ஆயினும் பிரச்சினை மறைந்துவிடவில்லை. 2001இல் வெளியான 'குவா சா' என்ற சீனத் திரைப்படம், பாட்டனார் பேரனுக்குச் செய்த இச்சிகிச்சையால் செயின்ற் லூயிஸ் நகரக் குடும்பமொன்று குலைவதையே பொருளாகக் கொண்டது.

மேனாட்டு மருத்துவமும் தசையைக் கருதாமலில்லை. இறுகிய தசையிலுள்ள 'தூண்டற் புள்ளி'யை அழுத்துகையில் நோவு வேறிடங்களுக்கும் பரவுவதை ஜனற் ட்ரவெல் 1940களிலிருந்து விவரித்தார். டேவிட் சைமன்ஸுடன் அவர் எழுதிய கைந்நூலின் முதற்பாகம் 1983இல் வெளிவந்தது. 1987இல் நீர்ச்சறுக்கு விளையாட்டில் முழங்காலிற் காயமுற்ற டேவிட் கிறாஸ்டன், தசையை உரசுதற்கு உருக்குக் கருவிகளை ஆக்கும் முயற்சியில் ஈடுபட்டார். 1990களில் அவை காப்புரிமையும் பயிற்சிச் சான்றிதழும் கொண்ட வணிகப் பண்டங்களாயின. இவ்வகைக் கருவிகளும் தோலிற் செந்தடம் பதிப்பதுண்டு. அதனைச் சிகிச்சையின் விளைவென்றே கொள்வர்.

இதனைக் கிழக்காசிய அறிவின் களவு எனக் கூறுதல் பொருந்தாது. ஒத்த நோவுக்கு ஒத்த பரிகாரங்கள் தனித்தனியே தோன்றுதல் இயல்பே. சிந்திக்கற்பாலது, ஒரே வகைத் தடம் ஏதிலியின் வீட்டிற் குற்றமாகவும் சிகிச்சை நிலையத்தில் தேர்ச்சியாகவும் வாசிக்கப்பட்டமையாகும். இவ்வேறுபாடு கருவியிலிருந்தன்றிச் சமூக நிலையிலிருந்தே பிறந்தது.

எனினும், பழமையோ காப்புரிமையோ பயனுக்குச் சான்றாகாது. 2007இல் நலமுள்ள 11 பேரிடம் நிகழ்த்திய ஆய்வில், குவா சா செய்த இடத்தில் நுண்குருதியோட்டம் முதல் 7.5 நிமிடங்களுக்கு நான்கு மடங்காயிற்று. 2011இல் ஜெர்மனியில் நாட்பட்ட கழுத்துநோவுடைய 48 பேரிடம், ஒரு வாரத்தின் பின் அது வெப்ப ஒத்தடத்தினும் மேலான தணிவைத் தந்தது. இவை சிறிய, குறுங்கால ஆய்வுகள். உருக்குக் கருவிகளுக்கான சான்றும் இதனினும் வலுவானதன்று. தூண்டற் புள்ளிக் கோட்பாடே 2015இல் கடும் மறுப்புக்கு உள்ளானது.

ஆகவே இரண்டையும் ஒரே அளவுகோலால் அளத்தலே அறிவியல் நேர்மையாகும். கரண்டிக்குச் சந்தேகமும் உருக்குக்கு நம்பிக்கையும் முன்கூட்டியே வழங்கும் மனப்பாங்கு அறிவியலன்று. அது அதிகாரத்தின் பழக்கமேயாகும்.