ஓட்டுக்கூரை வெப்பத்தடுப்பு

கூரையைத் தாங்கும் பனைமரச் சட்டங்களான பனங்கைகள் உள்ளிருந்து பார்த்தால் தெரியும் பழைய ஓட்டு வீடுகளில், வெயிலின் சூடு அறைக்குள் இறங்காதபடி செய்யும் வேலை ஓட்டுக்கூரை வெப்பத்தடுப்பு எனப்படும். விழுப்புரம் மாவட்டத்தின் விக்கிரவாண்டி, திண்டிவனம் பக்கத்து ஊர்களில் இத்தகைய வீடுகளில் இன்றும் குடியிருக்கிறார்கள். அக்கினி நட்சத்திர நாட்களில் வெயில் 40 டிகிரியை ஒட்டிப் போகும் வட்டாரம் இது.

சுவரிலிருந்து முகட்டு வளைவரை வைரம் பாய்ந்த பனங்கைகள் சரிவாக ஏறும். அவற்றின் குறுக்கே ரீப்பர் எனும் மெல்லிய மரச்சட்டங்கள், அவற்றின்மேல் ஓடு. முன்பு இட்டது நாட்டு ஓடு. குயவர் சக்கரத்தில் குழாயாக வனைந்து இரண்டாகப் பிளந்த அந்த ஓட்டைக் கவிழ்த்தும் மல்லாத்தியும் பல அடுக்காகப் பரப்புவார்கள். அடுக்குகளுக்கு இடையே தங்கும் காற்றே சூட்டைத் தடுத்தது. 1865-இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையின் வழியே பரவிய சீமை ஓட்டில் கனம் குறைவு, ஒழுக்கும் குறைவு. ஆனால் ஒற்றை அடுக்கு. நாட்டு ஓட்டிலிருந்தோ கரும்புத் தோகைக் கூரையிலிருந்தோ சீமை ஓட்டுக்கு மாறியவர்கள் நடுப்பகலில் உணரும் வெக்கைக்கு இதுவே காரணம். காய்ந்த ஓட்டின் அடிப்பக்கம் அனலைக் கீழ்நோக்கி வீசுகிறது. மின்விசிறி காற்றைத்தான் நகர்த்தும், அந்த அனலை மறிக்காது.

குளிர்நாடுகளில் கைகளுக்கு நடுவே கம்பளிப் பஞ்சைத் திணித்துக் கீழே பலகையால் மூடுவார்கள். வீட்டுச் சூடு வெளியேறாமல் காப்பது அவர்கள் தேவை. இங்கே சூடும் மழையும் மேலிருந்து வருகின்றன. 2024 நவம்பர் 30 இரவு கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது இதே மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் ஓர் ஓடு நகர்ந்தால், கைமரத்தில் தெரியும் ஈரக்கறைதான் காட்டிக்கொடுக்கும். கைகளுக்குக் கீழே பொய்க்கூரை போட்டு மூடிய வீட்டில் மரம் உளுத்த பிறகே தெரியவரும். மண்சுவர் வழியே ஏறும் கரையானுக்கும் அந்த இருட்டு வசதி. பொய்க்கூரைக்குத் தெர்மோகோலும் ஆகாது, அது எளிதில் தீப்பிடிக்கும் பொருள். விறகடுப்பு எரியும் வீட்டில் அதை வைக்கவே கூடாது.

ஆகவே தடுப்பைப் பனங்கைக்கு மேலே, ஓட்டுக்குக் கீழே அமைப்பதே சரி. கைகளின்மேல் பலகை பரப்பி, அலுமினியத் தாள் விரித்து, சரிவோட்டமாக 2 முதல் 4 செ.மீ. உயரச் சட்டங்களை அறைந்து, அவற்றின் குறுக்கே ரீப்பரும் ஓடும் வைக்க வேண்டும். தாழ்வாரத்து விளிம்பில் நுழையும் காற்று இந்த இடைவெளியில் ஏறி முகட்டில் வெளியேறும். எலி புகாமல் விளிம்பில் கம்பிவலை தேவை. பலகைக்கு வசதியில்லாதவர்கள் தாளை மட்டும் கைகளின்மேல் விரிக்கலாம். அப்போது பளபளப்பான பக்கம் கீழ்நோக்கி இருக்கட்டும். மேல்நோக்கி இருந்தால் தூசி படிந்து பயன் குறைந்துவிடும். ஓட்டின்மேல் சுண்ணாம்பு அடிப்பது இன்னும் மலிவு, ஆனால் ஐப்பசி மழையில் கரைவதால் ஆண்டுதோறும் பங்குனியில் மறுபடி அடிக்க வேண்டும்.

ஓடு பிரித்து அடுக்க ஆள் வரும் கோடையிலேயே இந்த வேலையையும் சேர்த்துச் செய்துகொண்டால், ஓடு இறக்கி ஏற்றும் கூலி ஒருமுறையோடு முடியும்.