குடத்தைச் சுற்றி நடந்தவர்கள்

நைஜீரிய நாட்டின் 20 நைரா பணத்தாளின் பின்புறத்தில் ஒரு குயவப் பெண்ணின் உருவம் பொறிக்கப்பட்டுள்ளது. அரசியோ அமைச்சரோ அல்லர். லாடி குவாலி என்னும் கிராமத்துப் பெண். அந்நாட்டுப் பணத்தாளில் முதன்முதலாக இடம்பெற்ற பெண்மணி இவரே.

ஏறத்தாழ 1925இல் குவாலி என்னும் சிற்றூரில் பிறந்த இவர், தம் அத்தையிடம் தொழில் கற்றார். அங்கே மட்பாண்டம் வனைவது பெண்களின் வேலை. நம் வேளார் திகிரியைச் சுழற்றுவார், பானை சுழலும். குவாலியிலோ பானை அசையாது நிற்க, வனைபவரே அதைச் சுற்றிச் சுற்றி நடப்பார். மண்ணைத் திரியாகத் திரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வளைத்து ஏற்றி, சுரைக்குடுக்கை ஓட்டால் வழித்துச் சீர்செய்வார். ஈரம் உலருமுன் பல்லி, பாம்பு, தேள், மீன் ஆகியவற்றைக் கீறுவார். பின்பு வெட்டவெளியில் புல்லும் விறகும் அடுக்கிச் சுடுவார். இப்படி மென்சூட்டில் வெந்த குடத்தின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாகும். உள்ளிருக்கும் நீர் குளிரும். நம் வீட்டு மூலையில் மணல்மேல் இருக்கும் பானையும் அப்படித்தானே!

மைக்கேல் கார்டியூ என்னும் ஆங்கிலேயர் இக்குடங்களை அபூஜா அமீரின் மாளிகையில் கண்டார். (அன்றைய அபூஜா இன்று சுலேஜா; தலைநகர் அபூஜா வேறு.) ஆக்ஸ்போர்டில் கிரேக்கமும் இலத்தீனும் பயின்ற கார்டியூ, 1923இல் பெர்னார்டு லீச்சிடம் மாணவராகச் சேர்ந்து, இங்கிலாந்தில் அருகிவந்த பழைய நாட்டுப்புறக் கலங்களை மீட்க முனைந்தவர். குடியேற்ற அரசு அவரை நைஜீரியாவுக்கு அனுப்பியது, அங்குள்ளோருக்குத் திகிரியும் உயர்சூட்டுச் சூளையும் கண்ணாடிப்பூச்சும் கற்பிக்கத்தான். 1950களின் தொடக்கத்தில் அவர் அபூஜாவில் நிறுவிய பயிற்சி நிலையத்தில், 1954இல் முதல் பெண்ணாக லாடி குவாலி சேர்ந்தார். திகிரியையும் கற்றார், ஆயினும் தம் பெருங்குடங்களைத் தாம் அறிந்த முறையிலேயே, சுற்றி நடந்தே வனைந்தார்.

அக்குடங்களுக்குக் கண்ணாடிப்பூச்சிட்டு ஏறத்தாழ 1300 பாகை வெப்பத்தில் சுட்டார்கள். கல்லெனக் கெட்டிப்பட்டு, கீறல்களில் வெண்மண் ஒளிர, அவை இலண்டன் கண்காட்சிகளில் விலைபோயின. புகழும் வந்தது; 1977இல் அகமது பெல்லோ பல்கலைக்கழகம் அவருக்கு மதிப்புறு முனைவர் பட்டம் அளித்தது. ஆனால் நுண்துளை அடைபட்ட குடம் நீரைக் குளிர்விக்காது. தாகம் தீர்த்த குடம் கூடத்து அலங்காரப் பொருளாயிற்று. இதைக் கார்டியூவின் குற்றம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் அந்தக் கைகளை உலகறியச் செய்தார். எனினும் இழப்பு இழப்புதான். பழையதைப் போற்றுகிறோம் என்று சொல்லி, அதன் பயனைக் கழற்றிவிட்டு வடிவை மட்டும் காப்பாற்றுவது நமக்கும் புதிதன்று.

1974இல் அந்நிலையத்திற்கு ஓர் இளம்பெண் வந்தார். மக்தலேன் ஒடுண்டோ, 1950இல் நைரோபியில் பிறந்து, கலை பயில இங்கிலாந்து சென்றவர். ஆப்பிரிக்கப் பெண்ணை ஆப்பிரிக்க மண்ணிடம் அனுப்பிவைக்க இங்கிலாந்து தேவைப்பட்டது என்பது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று. லாடி குவாலியிடமும் பிற பெண்களிடமும் அவர் கற்றது கையால் வனையும் முறையை. பல்லியையும் தேளையும் அவர் தம் கலங்களில் கீறவில்லை; கண்ணாடிப்பூச்சையும் நாடவில்லை. அருங்காட்சியகங்களில் எகிப்திய, கிரேக்கக் கலங்களைக் கூர்ந்து நோக்கினார். நியூ மெக்சிகோவின் பழங்குடிக் குயவரான மரியா மார்டினெஸின் கரும்பாண்டங்களையும் தேடிச் சென்று கண்டார்.

அவர் வனைபவை நுண்மண் குழம்பு பூசித் தேய்த்து மெருகேற்றப்பட்டவை. காற்றோட்டமுள்ள சூளையில் செம்மையாக வேகும். அதே கலத்தைக் காற்றடைத்துப் புகையில் மீண்டும் சுட்டால் கருமையாகும். நீண்ட கழுத்தும் பருத்த வயிறும் கொண்டு, சில வேளை ஒருபுறம் சற்றே சாய்ந்து, நிறைமாதப் பெண் நிற்பதுபோல் நிற்கும். நீர் மொள்ள அவற்றையும் எவரும் எடுத்துச் செல்வதில்லை என்பது உண்மையே.

2019இல் இங்கிலாந்தின் வேக்ஃபீல்டு நகரிலுள்ள ஹெப்வொர்த் கலைக்கூடத்தில் தம் படைப்புகளோடு பல நாடுகளின், பல நூற்றாண்டுகளின் கலைப்பொருள்களையும் தாமே தேர்ந்து காட்சிக்கு வைத்தார். அவருடைய கலங்களை ஓரிடத்தில் நின்று பார்த்தால் அந்தச் சாய்வு புலப்படாது. பார்ப்பவரும் சுற்றி நடக்கவேண்டும்.